போதைப்பொருள் சிறுநீர்ச் சோதனை: முதற்கட்ட முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்?

சிறுநீர் மாதிரியின் வழியே போதைப்பொருள் பயன்பாட்டைக் கண்டறியும் சோதனை, இந்தியாவில் இன்று மறுவாழ்வு மையங்களின் எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. விமானிகளுக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்த சோதனை விதிகள் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி ஆண்டுதோறும் குறைந்தது 10 சதவீதப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கப்படுகின்றனர். அரசு ஊழியர் அனைவருக்கும் போதைப்பொருள் சோதனை என்று பஞ்சாப் அரசு 2018 ஜூலையில் பிறப்பித்த ஆணை, நாடு முழுவதும் விவாதத்தை எழுப்பியது. விபத்தில் சிக்கியோர் கொண்டுவரப்படும் அவசரச் சிகிச்சைப் பிரிவு, மனநல மருத்துவமனை, வேலைக்கு ஆள் எடுக்கும் தனியார் நிறுவனம் எனப் பல இடங்களில் இச்சோதனை வழக்கமாகி வருகிறது.

சில துளிச் சிறுநீர், ஓர் அட்டை, ஐந்து நிமிடம். விடை வந்துவிடுகிறது. அந்த விடையைப் பெறுபவர் அதை முடிந்த முடிவாகக் கொள்ளலாமா என்பதே கேள்வி. கொள்ளக் கூடாது என்பதே ஆய்வக மருத்துவம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடை. அட்டை காட்டுவது ஐயம் மட்டுமே. அந்த ஐயம் மெய்தானா என்பதை வேறொரு முறையில் உறுதி செய்த பிறகே அது முடிவாகிறது. இந்த இரண்டாம் படி தவறும்போது வேலையிழப்பும் வழக்கும் குடும்பப் பிரிவும் நேர்ந்திருக்கின்றன.

அட்டையில் கோடு தோன்றினால் என்ன பொருள்?

முதற்கட்டச் சோதனை இம்யூனோஅஸே என்ற முறையில் அமைந்தது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதம், தனக்குரிய மூலக்கூறைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அட்டையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போதைப்பொருளின் மூலக்கூறு முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். சிறுநீரில் அப்பொருள் இல்லையெனில், நிறமேற்றப்பட்ட ஆன்டிபாடிகள் நேராகச் சென்று அங்கே ஒட்டிக்கொள்ள, கோடு தெரியும். சிறுநீரில் அப்பொருள் இருந்தால் ஆன்டிபாடிகள் வழியிலேயே அதைப் பற்றிக்கொள்வதால் கோடு தோன்றாது. அதாவது, கோடு இருந்தால் ‘இல்லை’. கோடு இல்லாவிட்டால் ‘இருக்கலாம்’. கர்ப்பச் சோதனை அட்டைக்கு நேர் எதிரான இந்த ஏற்பாடு, பயிற்சியற்றவர் கையில் தலைகீழாகப் படிக்கப்படும் ஆபத்து உடையது. மங்கலான கோடும் கோடுதான். அதை ‘பாதி பாசிட்டிவ்’ என்று எழுதுவதற்கு இடமில்லை.

இன்னொன்று, வரம்பளவு. ‘இல்லை’ என்ற விடைக்கு, அப்பொருள் சிறுநீரில் துளியும் இல்லை என்று பொருளன்று. நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இருக்கிறது என்றே பொருள். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி கஞ்சாவின் வளர்சிதைப் பொருளுக்கு முதற்கட்ட வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். உறுதிச் சோதனைக்கு 15. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. வரம்பைத் தாழ்த்தினால் குற்றமற்றவர் சிக்குவர். உயர்த்தினால் பயன்படுத்தியவர் தப்புவர். வரம்பு எங்கே நிற்க வேண்டும் என்பது வேதியியல் மட்டும் தீர்க்கும் விஷயம் அன்று. எந்தத் தவறைச் சமூகம் பொறுத்துக்கொள்ளும் என்ற தீர்மானமும் அதில் அடங்கியுள்ளது.

ஆய்வகங்களைச் சோதித்த ஆய்வு

இச்சோதனைகள் பெருமளவில் பரவியது வியட்நாம் போர்க் காலத்தில். நாடு திரும்பும் வீரர்களிடையே ஹெராயின் பழக்கத்தைக் கண்டறிய அமெரிக்க இராணுவம் 1971-இல் கட்டாயச் சிறுநீர்ச் சோதனையைத் தொடங்கியது. பின்னர் மெதடோன் சிகிச்சை மையங்களும் நோயாளிகளின் சிறுநீரை ஆய்வகங்களுக்கு வழக்கமாக அனுப்பத் தொடங்கின. அந்த ஆய்வகங்கள் சரியாகச் சோதிக்கின்றனவா என்பதை அறிய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ஆய்வாளர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாண்டனர். எந்தப் பொருள் எவ்வளவு கலந்தது என்று தங்களுக்கு மட்டுமே தெரிந்த மாதிரிகளைத் தயாரித்து, சாதாரண நோயாளிகளின் மாதிரிகளைப் போலவே 13 ஆய்வகங்களுக்கு அனுப்பினர். அந்த 13 ஆய்வகங்களும் 262 மெதடோன் மையங்களுக்குச் சேவையளித்து வந்தவை.

1985-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான முடிவு அதிர்ச்சியளித்தது. ஆம்பெட்டமைன் கலந்த மாதிரிகளில் தவறு செய்த விகிதம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் 19 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை வேறுபட்டது. கோகெய்ன், கோடீன் ஆகியவற்றில் பூஜ்யத்திலிருந்து 100 சதவீதம் வரை. பொருளே இல்லாத மாதிரியில் ‘இருக்கிறது’ என்று சொன்ன தவறு ஆம்பெட்டமைன் விஷயத்தில் 37 சதவீதம் வரையும், மெதடோன் விஷயத்தில் 66 சதவீதம் வரையும் சென்றது. அதைவிடக் கவனிக்கத்தக்க செய்தி வேறு. இதே ஆய்வகங்கள், இது தரச்சோதனைக்கான மாதிரி என்று தெரிந்தபோது நன்றாகவே செயல்பட்டன. கருவியிலோ வேதிப்பொருளிலோ குறை இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் அது தெரிந்திருக்கும். தேர்வுத் தாளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றாட மாதிரியைக் கண்டதும் சோர்ந்துபோகும் வழக்கமே குறை.

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சோதனை 1986-இல் ஆணையிடப்பட்டது. 1988-இல் வெளியான கட்டாய வழிகாட்டு நெறிகள் இந்தப் பாடத்தை உள்வாங்கியிருந்தன. உறுதிச் சோதனை இன்றி எந்த முடிவும் வெளியே போகக் கூடாது. மாதிரி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையொப்பம் வேண்டும். அடையாளம் தெரியாத தரச்சோதனை மாதிரிகள் தொடர்ந்து கலந்து அனுப்பப்பட வேண்டும். முடிவை வேலையளிப்பவர் பார்ப்பதற்கு முன் ஒரு மருத்துவர் சம்பந்தப்பட்டவரிடம் பேச வேண்டும். இன்று வரை உலகின் பல நாடுகள் பின்பற்றும் அடிப்படை இதுதான்.

கசகசாவும் பாங்கும் காசநோய் மாத்திரையும்

வெளிநாட்டில் வகுக்கப்பட்ட வரம்புகளும் அட்டைகளும் இந்தியச் சமையலறைக்கு வரும்போது சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது கசகசா. குருமாவிலும் பாயசத்திலும், வங்காளத்தின் போஸ்தோ உணவுகளிலும் தாராளமாகச் சேரும் இவ்விதை, அபின் செடியின் விதையேதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமத்துடன் பயிராகும் அச்செடியின் பாலில் மார்ஃபினும் கோடீனும் உள்ளன. அறுவடையின்போது விதையின் மேற்பரப்பில் படியும் சிறிதளவு பால், உண்டவரின் சிறுநீரில் உண்மையான மார்ஃபினாகவே வெளிப்படும். இது சோதனையின் பிழை அன்று. சோதனை சரியாகவே சொல்கிறது, பொருள்கொள்வதில்தான் பிழை. இதன் காரணமாகவே அமெரிக்கா ஓபியேட் வரம்பை 1998-இல் 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. அப்படியும் சிக்கல் முழுதும் தீரவில்லை. கசகசா சேர்த்த உணவைத் தவிர்க்குமாறு 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் வீரர்களுக்கு அறிவுறுத்தியது. சந்தையில் 300 வரம்புள்ள அட்டைகளும் 2000 வரம்புள்ள அட்டைகளும் கிடைக்கின்றன. எந்த அட்டை பயன்பட்டது என்று அறிக்கையில் எழுதாவிட்டால், ‘ஓபியேட் பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை.

ஹெராயினையும் கசகசாவையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஹெராயின் உடலில் சிதையும்போது 6-அசிட்டைல்மார்ஃபின் என்ற பொருள் உண்டாகிறது. கசகசாவிலிருந்து அது வராது. ஆனால் அது சிறுநீரில் ஒரு நாள்கூடத் தங்காமல் மறைந்துவிடும். ஆகவே, அது கிடைத்தால் ஹெராயின் உறுதி. கிடைக்காததால் எதுவும் உறுதியாகாது.

இரண்டாவது சிக்கல் சட்டம் சார்ந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சா என்பதைச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி என்றே வரையறுக்கிறது. நுனிப்பகுதி சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. ஹோலி, சிவராத்திரி நாட்களில் வடமாநிலங்களில் அருந்தப்படும் பாங்கு, இலையிலிருந்து செய்யப்படுவதால் பல மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. உடலுக்கோ இந்த வேறுபாடு தெரியாது. பாங்கு அருந்தியவரின் சிறுநீரிலும் கஞ்சா புகைத்தவரின் சிறுநீரிலும் வெளிப்படுவது ஒரே வளர்சிதைப் பொருள். எவ்வளவு நுட்பமான கருவியும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. விமானியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு தேவையற்றது. எந்த வடிவில் உட்கொண்டாலும் அவர் விமானம் ஓட்டலாகாது. நீதிமன்றத்தில் நிற்பவருக்கு அது அப்படியன்று.

மூன்றாவது, மருந்துகள். காசநோய்க்கு நம் நாட்டில் இலட்சக்கணக்கானோர் உட்கொள்ளும் ரிஃபாம்பிசின், சில வகைச் சோதனைக் கருவிகளில் ஓபியேட் போலத் தோற்றமளிக்கும். காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எழுதித் தரப்படும் ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் ஆகியவையும் அவ்வாறே. குயினோலோன் வகையைச் சேர்ந்த 13 மருந்துகளைச் சோதித்து 2001-இல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. கர்ப்ப காலத்து உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் லாபெட்டலால், வயிற்றுப் புண்ணுக்கான ரனிட்டிடின், சளிக்கான சூடோஎபெட்ரின், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் ஆகியவை ஆம்பெட்டமைன் சோதனையில் பொய்யான ஐயத்தை எழுப்பக்கூடியவை. மூலக்கூறின் வடிவம் ஓரளவு ஒத்திருந்தாலே ஆன்டிபாடி ஏமாந்துபோகும். கோடீன் கலந்த இருமல் மருந்தின் கதை வேறு. அதைக் குடித்தவரின் சிறுநீரில் கோடீனும், அது உடலில் மாறி உண்டாகும் மார்ஃபினும் உண்மையாகவே இருக்கும்.

பச்சிளங்குழந்தைகள்கூட இதற்கு விலக்கல்லர். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த குழந்தைகள் சிலரின் சிறுநீரில் கஞ்சா இருப்பதாக முதற்கட்டச் சோதனை காட்டியது. ஆராய்ந்தபோது, குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயன்படுத்திய திரவ சோப்புகள் சிறுநீரில் கலந்து சோதனையைக் குழப்பியது 2012-இல் தெரியவந்தது. அத்தகைய முடிவை வைத்துத் தாயையும் சேயையும் பிரிக்கும் அதிகாரம் அங்குள்ள குழந்தைகள் நல அமைப்புகளுக்கு உண்டு என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

தப்பிவிடும் பொருள்கள்

பொய்யான ‘இருக்கிறது’ பற்றியே அதிகம் பேசப்படுகிறது. மருத்துவருக்குப் பொய்யான ‘இல்லை’யும் அதே அளவு ஆபத்தானது. ஓபியேட் அட்டை மார்ஃபினைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. டிரமடால், ஃபென்டனில், மெதடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய செயற்கை ஓபியாய்டுகள் அதன் கண்ணில் படுவதில்லை. டிரமடால் இந்தியாவில் பரவலாகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதை அளவுக்கு மீறி விழுங்கி மயங்கிக் கிடக்கும் இளைஞரின் அறிக்கையில் ‘ஓபியேட் இல்லை’ என்று இருந்தால், அந்த ஒரு வரியை நம்பி மாற்று மருந்தைத் தாமதிப்பது உயிருக்கே ஊறாக முடியலாம்.

மும்பையில் ‘எம்.டி.’ என்று அழைக்கப்படும் மெஃபெட்ரோனும் அப்படியே. 2015-இல் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்ட இப்பொருளை, சாதாரண ஐந்து பொருள் அட்டை நம்பகமாகக் கண்டறியாது. தூக்க மாத்திரைகளிலும் இதே நிலை. பென்சோடயசிபைன் சோதனைகள் பலவும் டயசிபாம் குடும்பத்தை நன்கு கண்டுபிடிக்கும். குளோனசிபாமையும் லோரசிபாமையும் நழுவவிடும். போதை மறுவாழ்வு மையத்தில் புப்ரெனார்ஃபின் பெறும் ஒருவர் அதை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்று அறிய விரும்பும் மருத்துவர், அதற்கென்று தனிச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாதிரியில் நீர் கலப்பது, வேறொருவரின் சிறுநீரைத் தருவது ஆகியவையும் நடக்கின்றன. பெற்ற நான்கு நிமிடங்களுக்குள் வெப்பநிலை 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறதா, கிரியேட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் உள்ளதா என்று பார்ப்பது அதற்கான எளிய தடுப்பு. செலவு மிகக் குறைந்த இந்தச் சரிபார்ப்பு இல்லாத ‘நெகட்டிவ்’ அறிக்கைக்குப் பெரிய பொருள் இல்லை.

ஒரே அட்டை, இரு வேறு நம்பகம்

நம்பகம் என்பது அட்டையின் உறையில் அச்சிட்ட சதவீதம் மட்டுமன்று. யாரைச் சோதிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, பயன்படுத்துவோரில் 95 சதவீதத்தினரையும் பயன்படுத்தாதோரில் 95 சதவீதத்தினரையும் சரியாகக் காட்டும் சோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 1000 ஊழியர் உள்ள அலுவலகத்தில் 20 பேர் மட்டுமே போதைப்பொருள் பயன்படுத்துகின்றனர். அவர்களில் 19 பேரை அது பிடிக்கும். மற்ற 980 பேரில் 5 சதவீதம், அதாவது 49 பேர், குற்றமின்றியே பட்டியலில் வருவர். ஆக 68 பேர் ‘பாசிட்டிவ்’. அவர்களில் 49 பேர் எதையும் உட்கொள்ளாதவர்கள். அதே சோதனையை, பாதிப் பேர் பயன்படுத்துவோராக உள்ள மறுவாழ்வு மையத்தில் 1000 பேரிடம் நடத்தினால், 500 பாசிட்டிவ் முடிவுகளில் 475 மெய்யானவை.

இது வெறும் கணக்கு விளையாட்டு அன்று. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம், ஓபியாய்டு பயன்படுத்துவோர் 2.1 சதவீதம். பொது மக்களையோ ஒரு துறையின் ஊழியர் அனைவரையுமோ சோதிக்கும் திட்டம், ஏறத்தாழ முதல் எடுத்துக்காட்டின் நிலையில்தான் இருக்கிறது.

உறுதிச் சோதனை

ஐயத்தைத் தீர்ப்பது காஸ் குரோமட்டோகிராபி–மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அல்லது திரவ வகைக் குரோமட்டோகிராபியுடன் இணைந்த அதே முறை. சிறுநீரில் உள்ள பொருள்களை இக்கருவி முதலில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு மூலக்கூறையும் உடைத்துத் துண்டுகளின் எடையை அளக்கிறது. பிரிந்து வெளிவரும் நேரமும் துண்டுகளின் எடை விகிதமும் சேர்ந்து, கைரேகை போலப் பொருளை அடையாளம் காட்டும். கருவியின் விலை அதிகம், பயிற்சி பெற்ற ஆட்கள் குறைவு, முடிவுக்குச் சில நாட்கள் ஆகும். இந்த மூன்று காரணங்களால்தான் பல இடங்களில் இரண்டாம் படி கைவிடப்படுகிறது.

அப்படிக் கைவிடப்பட்டதன் விளைவைக் கனடா கண்டது. டொரான்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் இயங்கிய மதரிஸ்க் ஆய்வகம் சோதித்தது சிறுநீரை அன்று, தலைமுடியை. ஆயினும் தவறின் தன்மை ஒன்றே. முதற்கட்டச் சோதனையின் எண்களை, உறுதி செய்யாமலே பல ஆண்டுகள் குடும்ப நீதிமன்றங்களுக்கு அது அளித்து வந்தது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம் 1,271 வழக்குகளை மறுஆய்வு செய்து, 56 வழக்குகளில் அச்சோதனை தீர்ப்பைக் கணிசமாகப் பாதித்தது என்று 2018-இல் அறிவித்தது. பிரிக்கப்பட்ட குழந்தைகளில் பலர் அதற்குள் வேறு வீடுகளில் வளர்ந்துவிட்டனர்.

உறுதிச் சோதனையும் எல்லையற்றது அன்று. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டர் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்காக அமெரிக்காவில் வாங்கிய உறிஞ்சியில் லெவோ வகை மெத்தாம்பெட்டமைன் இருந்தது. அது போதை தரும் வகையின் கண்ணாடி பிம்பம் போன்ற மூலக்கூறு. சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இவ்விரண்டையும் பிரிக்காது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். பதக்கம் பறிபோயிற்று. இந்தியாவிலும், டெல்லியில் உள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் அங்கீகாரத்தை உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு 2019 ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் அது மீண்டும் கிடைத்தது. உயர்ந்த கருவி இருந்தாலும் அதைக் கையாளும் முறை தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

டி.ஜி.சி.ஏ. விதிகள் இவ்விஷயத்தில் தெளிவானவை. முதற்கட்டத்தில் ஐயம் எழுந்தால் அம்முடிவை ‘நான்-நெகட்டிவ்’ என்றே குறிப்பிடுகின்றன. ‘பாசிட்டிவ்’ என்ற சொல் உறுதிச் சோதனைக்குப் பிறகே வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அவர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்படுகிறார், தண்டிக்கப்படுவதில்லை. தனியார் நிறுவனங்களின் வேலைவாய்ப்புச் சோதனைகளும் இந்த ஒரு சொல்லையாவது கடன்வாங்கிக்கொள்வது நல்லது.

சிறுநீர் சொல்லாதவை

உறுதி செய்யப்பட்ட முடிவும் எப்போது உட்கொண்டார், எவ்வளவு உட்கொண்டார், சோதனையின்போது நிதானத்தில் இருந்தாரா என்ற கேள்விகளுக்கு விடை தராது. கோகெய்னின் சுவடு இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை தெரியும். ஒருமுறை புகைத்த கஞ்சா ஏறத்தாழ மூன்று நாட்கள். நெடுநாள் பழக்கமுள்ளவரிடம் விட்டு ஒரு மாதம் கழித்தும் தெரியலாம். விபத்து நடந்த அன்று எடுத்த சிறுநீரில் கஞ்சாவின் சுவடு இருந்தது என்பதால், ஓட்டுநர் மயக்கத்தில் ஓட்டினார் என்று ஆகிவிடாது.

சோதனைக்கு உள்ளாகிறவர், கடந்த இரண்டு வாரங்களில் உட்கொண்ட மருந்துகளின் பட்டியலை, இருமல் மருந்தும் நாட்டு மருந்தும் உட்பட, மாதிரி தருவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவது பயன் தரும். முடிவு வந்த பின் சொல்வது சாக்காகவே கேட்கும். அறிக்கையில் சோதனை முறை, வரம்பளவு, உறுதி செய்யப்பட்டதா என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மருந்துச்சீட்டில் உள்ள மருந்து முடிவைக் குழப்பக்கூடுமா என்பதை ஆய்வகத்தின் உயிர்வேதியியல் மருத்துவர் சொல்ல முடியும். ஐயம் எழுந்த மாதிரிகளை அமெரிக்கக் கூட்டாட்சி ஆய்வகங்கள் குறைந்தது ஓராண்டு உறைநிலையில் வைத்திருக்கின்றன. பொதுவான மருத்துவ ஆய்வகங்களில் சிறுநீர் மாதிரி அவ்வளவு நாள் தங்குவதில்லை. எனவே அதே மாதிரியை உறுதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை அழிக்கக் கூடாது என்ற கோரிக்கையை, முடிவு கைக்கு வந்த அன்றே எழுத்துமூலம் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.